படத்தில் இல்லாதவர்



பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றியும், அவற்றைக் குறித்து அந்நாளையப் பத்திரிகைகளில் வெளிவந்த விளம்பரங்களைப் பற்றியும் உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். பொத்தானை அழுத்தியதும் கிளம்பிவிடும் வண்டியில் கல்லூரிக்குச் செல்லும் உங்களுக்கு, காலால் உதைத்துக் கிளப்பவேண்டிய வண்டியின் கதை எதற்கு என்று தோன்றலாம். அந்தக் கதைக்குள் என் தந்தையார் கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை காண எனக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கேள்வியை உங்களிடம் ஒப்படைப்பதற்காகவே இந்தப் பேச்சு.

என் ஊர் பள்ளிப்பட்டு. இன்று திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எங்கள் பகுதி ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. எனக்கு அப்போது வயது பத்து. எல்லை மாறியதைப் பற்றிப் பெரியவர்கள் திண்ணைதோறும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி வேறு. எங்கள் ஊருக்கு ஒரு டாக்டர் குடிவந்தார். அவருடன் ஒரு மோட்டார் சைக்கிளும் வந்தது.

அது ராயல் என்பீல்டு கம்பெனியின் புல்லட். கறுப்பு நிறம். பெட்ரோல் டாங்கியின் இரு புறமும் மெல்லிய பொன்னிறக் கோடுகள். அந்தி நேரத்தில் டாக்டர் ஐயா பொதட்டூர்ப்பேட்டைச் சாலையில் திரும்பி வரும்போது, வண்டி கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அதன் ஓசை வந்துவிடும். தறிச் சத்தத்திற்கு நடுவே அந்த ஓசை தனியே கேட்கும். "டாக்டர் வந்துவிட்டார்" என்று சொல்லி, நோயாளிகள் வீட்டு வாசல்களில் விளக்கேற்றுவார்கள்.

அந்த வண்டியை அவர் கிளப்பும் முறையைப் பார்க்க நாங்கள் பத்துப் பதினைந்து பையன்கள் கூடி நிற்போம். உதைத்தால் கிளம்பிவிடும் என்று நினைப்பவன் காலை முறித்துக்கொள்வான் என்று அவர் சொல்லுவார். விளக்குக் கூட்டின் மேல் அம்மீட்டர் என்ற சிறிய முள் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி, உதைகோலை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் அந்த முள் ஒரு பக்கம் சாயும். பின்பு ஓர் இடத்தில் நடுவே வந்து நிற்கும். மின்னோட்டம் துண்டிக்கப்பட்டது, பிஸ்டன் காற்றையும் பெட்ரோலையும் அழுத்தி மேலே வந்துவிட்டது என்பது அதற்குப் பொருள். அப்போது கைப்பிடியருகே உள்ள சிறு நெம்பை இழுத்தால் அழுத்தம் வெளியேறும். பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் தள்ளி, நெம்பை விட்டுவிட்டு, பிறகு ஓர் உதை. அவ்வளவுதான். பலத்தைக் காட்டுவதற்கு அதில் இடமில்லை. கவனம் ஒன்றே போதும். ஒரு நாள் டாக்டர் ஐயா என் மெலிந்த காலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னைக் கொண்டே அதைக் கிளப்பச் செய்தார். மூன்றாவது உதையில் கிளம்பியது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

அவர் சென்னையிலிருந்து ஆங்கில மோட்டார் சைக்கிள் பத்திரிகைகளைப் பழைய விலைக்கு வாங்கி வருவார். அவற்றுள் கிழிந்த ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதிலே முழுப்பக்க விளம்பரம் ஒன்று. பசும்புல் மேடுகளிடையே வளைந்து செல்லும் பாதை. அதிலே பளபளக்கும் வண்டி. அதன்மேல் புன்னகையோடு ஓர் இளைஞன். பின்னால் தலைக்குட்டை கட்டிய ஒரு பெண். சேறு இல்லை, புழுதி இல்லை, மழை இல்லை. அந்தப் பக்கத்தை வெட்டி, எங்கள் வீட்டில் என் தந்தையாரின் குழித்தறிக்கு எதிர்ச்சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்தேன்.

தந்தையார் நெசவாளர். காலையில் தறியில் இறங்கினால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் ஏறுவார். நான் ஒட்டிய படத்தை நாடா ஓட்டுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "படம் நன்றாய்த்தான் இருக்கிறது. வண்டி இருக்கிறது. அதில் ஏறிப் போகிறவன் இருக்கிறான். இதைச் செய்தவன் எங்கேயப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விளம்பரத்தில் செய்தவனை எதற்குப் போடுவார்கள் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன். அவருக்கு உலகம் தெரியவில்லை என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பைப் பற்றி இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வண்டியைச் செய்தவர்கள் யார் என்பதைப் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் உலகெங்கும் தையல் ஊசிகளை அனுப்பிப் பேர்பெற்ற ஊர் அது. 1851-ஆம் ஆண்டில் அங்கே ஊசி செய்யத் தொடங்கிய ஒரு பட்டறைதான் நாளடைவில் சைக்கிள் செய்யும் கம்பெனியாக வளர்ந்தது. என்பீல்டு என்பது வேறோர் ஊர். அங்கே அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு நுண்ணிய பாகங்கள் செய்து கொடுக்கும் வேலை ரெட்டிச் கம்பெனிக்குக் கிடைத்தது. அதன் பெருமையால்தான் 'ராயல் என்பீல்டு' என்ற பெயரும், 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்ற புகழ்பெற்ற விளம்பர வாசகமும் பிறந்தன. அவர்களுடைய முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் 125 சி.சி. அளவுள்ள சிறிய வண்டியொன்றைச் செய்தார்கள். பாராசூட்டில் கட்டி வானத்திலிருந்து இறக்கக்கூடிய அதற்குப் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்று சிப்பாய்கள் பெயரிட்டார்கள்.

நாடு விடுதலை பெற்றபின், எல்லைகளைக் காவல் காக்க உறுதியான வண்டிகள் நம் இராணுவத்திற்குத் தேவைப்பட்டன. 350 சி.சி. புல்லட் வண்டிகள் 800 வேண்டுமென்று இந்திய அரசாங்கம் கேட்டது. இவ்வளவையும் கப்பலில் கொண்டுவருவதைவிட இங்கேயே செய்தால் என்ன என்ற எண்ணம் வலுத்தது. ரெட்டிச் கம்பெனியும், சென்னையில் அதன் வண்டிகளை விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955-இல் என்பீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957-இல் பாகங்களைச் செய்யும் கருவிகளே வந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இந்நாட்டிலேயே உருவாயிற்று.

இங்கே பூகோளம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு செய்தி. பள்ளிப்பட்டின் அருகே தோன்றும் கொசஸ்தலையாறு, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அந்தக் கழிமுகத்திற்குச் சற்றுத் தெற்கேதான் திருவொற்றியூர். நான் சீமையிலே செய்தது என்று வியந்து பார்த்த வண்டி, எங்கள் ஊர் ஆறு கடலைச் சேரும் இடத்தருகே தயாராகிக்கொண்டிருந்தது. என்னுடைய படத்தில் ஆங்கிலேயப் புல்மேடு இருந்ததால் இந்தச் சங்கதி எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வண்டியின் ஓசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த ஓசையில் மாயம் ஏதும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. அதன் எஞ்சினில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கிப் பாருங்கள். 346 கன சென்டிமீட்டர் வரும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் வெடிக்கும். வண்டி நின்றபடி நிமிடத்திற்கு ஆயிரம் சுற்று ஓடினால், வெடிப்பு 500. வினாடிக்குச் சற்றேறக்குறைய எட்டு. கனமான பறப்புச் சக்கரம் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே எஞ்சினைச் சுழற்றி இழுத்துச் செல்லும். நம் செவி ஒவ்வோர் அடியையும் ஏறக்குறையப் பிரித்துக் கேட்கும். நாடித்துடிப்புப் போல அது நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

1968-இல் நான் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்கு வந்தேன். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் எனக்கு இரண்டாவது கல்லூரியாயின. 1985-இல் தீக்கிரையான அந்த மார்க்கெட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே 1903-இல் தொடங்கிய 'தி மோட்டார் சைக்கிள்' என்ற வாரப் பத்திரிகையும், அதன் போட்டியாளரான 'மோட்டார் சைக்கிளிங்' பத்திரிகையும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். முன்னதற்கு நீல அட்டை, பின்னதற்குப் பச்சை அட்டை என்று நினைவு வைத்துக்கொண்டு தேடுவேன். கட்டுரைகளைவிட விளம்பரங்களைத்தான் அதிகம் படித்தேன். நார்ட்டன் கம்பெனி தன் வண்டியை 'அணுக முடியாதது' என்று அழைத்துக்கொண்டது. பர்மிங்ஹாம் நகரத்து பி.எஸ்.ஏ. கம்பெனி, தன் சின்னமாக மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்துவைத்து, 'நான்கில் ஒன்று பி.எஸ்.ஏ.' என்று முழங்கியது. வெலோசெட் என்ற கம்பெனியின் வாசகம், 'எப்போதும் படத்தில் இருப்பது' என்பது. அதைப் படித்தபோது என் தந்தையாரின் கேள்வி சுருக்கென்று நினைவுக்கு வந்தது. வண்டி எப்போதும் படத்தில் இருக்கிறது. செய்தவன்தான் எப்போதும் இல்லை.

விளம்பரங்கள் சொல்லாமல் விட்டவை வேறு பலவும் இருந்தன. அந்த எஞ்சின்களின் அடிக்கூடு செங்குத்தாக இரண்டாகப் பிளந்து பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே எண்ணெய் தேங்கும் அடிப்பாகத்திலும் மூட்டு வந்துவிடும். அங்கே கசிவு ஏற்படும். இரவில் விளக்கு மங்கலாக எரியும். பிரேக் தாமதமாகப் பிடிக்கும். அந்த வண்டிகளை வைத்திருந்தவர்கள் அடிக்கடி திருகுகளை முடுக்கவேண்டும். இவற்றை எல்லாம் ஓட்டுகிறவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். சிலர் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். செய்கிறவர்களும் அதை நம்பி, பழைய அச்சையே வைத்துக்கொண்டு வாசகங்களை மட்டும் மெருகேற்றினார்கள்.

அப்போது கிழக்கேயிருந்து ஒருவர் வந்தார். ஜப்பானிய ஹோண்டா கம்பெனி 1959-இல் முதன்முதலாக மான் தீவுப் பந்தயத்தில் கலந்துகொண்டது. இரண்டே ஆண்டுகளில், 1961-இல், 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரண்டு பிரிவுகளிலும் வெற்றி பெற்றது. 1969-இல் அதன் 750 சி.சி. வண்டி விற்பனைக்கு வந்தது. நான்கு சிலிண்டர்கள், முன்சக்கரத்தில் தட்டு பிரேக், பொத்தானை அழுத்தினால் கிளம்பும் எஞ்சின், அடிக்கூட்டை மேல் கீழாகப் பிரித்திருந்ததால் எண்ணெய் கசியவும் வழியில்லை. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இலேயே மூடப்பட்டுவிட்டது. வெலோசெட் 1971-இல் நின்றது. நான்கில் ஒன்று என்று முழங்கிய பி.எஸ்.ஏ., 1973-இல் வேறு கம்பெனிகளோடு இணைக்கப்பட்டு மறைந்தது. டிரையம்ப் கம்பெனியின் மெரிடன் தொழிற்சாலையைத் தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து நடத்தினார்கள். அதுவும் 1983-இல் மூடியது.

தாய் வீடு மூடிய பின்னும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. சீமையில் மறந்துபோன வேலையைச் சீமைக்காரர்கள் நம்மிடம் விலைக்கு வாங்கினார்கள்.

நண்பர்களே, இனி நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயத்திற்கு வருகிறேன். கல்லூரியில் சேர்ந்த நாளில் விடுதியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில், 'ஜவுளி வியாபாரம்' என்று எழுதினேன். அறைத் தோழர்களிடமும் அப்படியே சொன்னேன். அவருடைய கைகளில் பாவு நூல் கிழித்த தழும்புகள் இருந்தன. அவற்றை மறைத்துவிட்டு, கடைவீதியில் பளபளக்கும் சேலையை மட்டும் காட்டினேன். ஆங்கிலேய விளம்பரக்காரன் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

1970-ஆம் ஆண்டில் எங்கள் வகுப்பைத் திருவொற்றியூர்த் தொழிற்சாலைக்குச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றார்கள். கடைசல் இயந்திரங்களையும், எஞ்சின் பூட்டும் இடத்தையும் பார்த்தோம். இறுதியில் வண்ணம் தீட்டும் பகுதிக்கு வந்தோம். அங்கே நடுத்தர வயதுள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரே கறுப்பு டாங்கி ஒன்று. கையில் நீண்ட மயிருள்ள மெல்லிய தூரிகை. அளவுகோல் இல்லை, அச்சும் இல்லை. மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டார். தூரிகை டாங்கியின் வளைவை ஒட்டி ஒரே ஓட்டமாக ஓடியது. தடிப்பும் மெலிவும் இல்லாமல் பொன்னிறக் கோடு ஒன்று அங்கே நின்றது. அதன் பிறகுதான் மூச்சு விட்டார்.

நான் பத்து வயதில் விரலால் தடவிப் பார்த்த கோடு அதுதான். இயந்திரம் போட்ட கோடு என்றே அத்தனை காலமும் எண்ணியிருந்தேன். சேலையின் கரை ஓரத்தில் இழை தவறாதபடி என் தந்தையார் கண்ணை இமைக்காமல் மூச்சடக்கி நாடாவை விடுவது என் நினைவுக்கு வந்தது. அதே முகம், அதே மூச்சு. மாணவர்கள் எல்லாரும் அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்கள். ஆசிரியர் திரும்பி வந்து என்னை அழைத்துப் போனார்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சுவரில் என் படம் இன்னும் இருந்தது. நிறம் வெளுத்து, ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. உரிந்துவந்த ஒரு மூலையை யாரோ மறுபடியும் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. தறியருகே உட்கார்ந்து, "இதைச் செய்தவரைப் பார்த்துவிட்டு வந்தேன் அப்பா" என்றேன். கோடு போட்டவரைப் பற்றிச் சொன்னேன். தந்தையார் நாடாவை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் ஒன்றுதான் கேட்டார்: "அவருக்குக் கை நடுங்கவில்லையே?"

"இல்லை அப்பா."

"அப்படியானால் நல்ல வண்டிதான்" என்றார்.

அந்த ஆண்டுப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கைத்தறி நெசவாளர்' என்று எழுதினேன். எழுதியபோது என் கையும் நடுங்கவில்லை.

பழைய பொருள்களின்மேல் இன்று பலருக்கும் ஆசை மிகுந்திருக்கிறது. வார்ப்பிரும்பு எஞ்சினோடு கூடிய பழைய புல்லட்டுகள் 2010-ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டன; இன்றைய புல்லட்டின் எஞ்சின் வேறு. பழைய வண்டியையும் அதன் விளம்பரத் தாளையும் பெரும் விலை கொடுத்து வாங்கிச் சட்டமிட்டு மாட்டுகிறார்கள். அதைக் குறைகூற நான் யார்? என் சுவரிலும் ஒன்று இருந்ததே! ஆனால் பழமை நினைவிலே ஓர் அபாயம் உண்டு. நாம் ஏங்குவது பல சமயங்களில் அந்தக் காலத்திற்காக அன்று. அந்தக் காலத்தின் விளம்பரத்திற்காகவே ஏங்குகிறோம். அதிலே சேறு இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை, உழைத்த கையும் இல்லை. பழைய வண்டியின் குறைகளையும் மறைக்காமல் நினைவு வைத்துக்கொள்வதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை. குறைகளை மறந்த கம்பெனிகள் என்னவாயின என்பதைப் பார்த்தோம்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அழகான விளம்பரத்தைக் காணும்போது, அது வண்டியானாலும் சரி, துணியானாலும் சரி, கைபேசியானாலும் சரி, என் தந்தையார் கேட்டதைக் கேளுங்கள்: இதைச் செய்தவர் எங்கே? அவர் படத்தில் இருக்க மாட்டார். திருவொற்றியூரில் இருக்கலாம், கும்மிடிப்பூண்டியில் இருக்கலாம், உங்கள் வீட்டுத் தறிக்குழியிலேயே இருக்கலாம். தேடிப்போய்ப் பாருங்கள். படிவத்தில் அவருடைய தொழிலைச் சரியாக எழுதுங்கள்.